சாவியை எடுத்து வை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சீட்டுப் பண விவகாரத்தை நேரில் பேசுவோம்.

உன் பையன் மெயின் ரோடு வரை கார் எடுக்கிறானாமே? பாபு போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லைடா. அவனுக்குப் பதினாறுதான் ஆகிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அவன் மாட்டினால் உனக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். அவனுக்கோ 25 வயது வரை எல்எல்ஆர்கூடக் கிடையாது. சரி, சட்டத்தை விடு. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால்?

அவன் ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை. வண்டி ஓட்டுவதில் பாதி வேலை கண்ணுக்குத்தான். அதைப் பழக லைசென்ஸ் வேண்டாம், முன் சீட்டு போதும். கயலுக்கு வருகிற தையில் பதினெட்டு முடிகிறது. கொஞ்ச காலமாகவே, முன்னால் உட்கார்ந்தால் செல்போன் பைக்குள் போய்விட வேண்டும். "அடுத்து என்ன நடக்கும், சொல்லிக்கொண்டே வா" என்பேன். ஆரம்பத்தில் பேனர், டீக்கடை, மாடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னாள். இப்போது வேண்டியது மட்டும்தான் வருகிறது. ஓரமாக நிற்கும் காருக்குள் தலை தெரிந்தால், "கதவைத் திறப்பாங்கப்பா." முன் சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், "கிளம்பப் போறாங்க." இண்டிகேட்டர் போடாதவரையும் சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். நிற்கிற டவுன் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் வரலாம்; ரெண்டு விசில் கேட்டால் பஸ்ஸே நகரும். விசில் விஷயத்தை அவளாகவே கவனித்துச் சொன்னாள்!

போன வாரம் மதுரை போனோம். துவரங்குறிச்சி தாண்டி, மீடியன் இடைவெளியில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றது. பின்னால் பெரிய புல்லுக்கட்டு, ஓட்டுபவர் முகம் அந்தப் பக்கம். "அப்பா, அவர் நம்மைப் பார்க்கலை" என்றாள். பிரேக்கில் கால் வைத்தேன். அவர் திரும்பாமலே குறுக்கே வந்துவிட்டார். எண்பதில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும், சேகர். நிதானமாக நிறுத்த முடிந்தது அவள் முன்கூட்டியே சொன்னதால்தான். அவரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் டிரைவிங் ஸ்கூலில் வந்துவிடும். இந்தப் பார்வையை அங்கே சில நாளில் யாரும் கொடுத்துவிட முடியாது. நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் ஓட்டுகிறேன்: ஏன் வேகத்தைக் குறைக்கிறேன், எதற்குக் கண்ணாடியைப் பார்க்கிறேன், முன்னால் போகிற லாரிக்கு ஏன் இவ்வளவு இடம் விடுகிறேன். நெரிசலிலும் கொட்டுகிற மழையிலும் மட்டும் பேச்சு கிடையாது. பதறிக் கத்தக் கூடாது, ஸ்டீயரிங் பக்கம் கை வரவே கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடு.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. பெட்ரோல் பங்குக்கு எதிர்த்திசையில் போய் நுழைகிறாயே, அந்தப் பழக்கத்தை விடு. காலேஜ் நாளிலிருந்து கத்துகிறேன், நீ கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நீ சொல்வதைவிடச் செய்வதைத்தான் பிடித்துக்கொள்வான்.

இன்றைக்கே கார் சாவியை அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வை. அப்புறம், பொங்கலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. முன் சீட்டை அவனுக்குத் தருகிறேன், கயல் பின்னால் உட்காரட்டும். புதுக்கோட்டை வரை போய்வருவோம். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ரவி