அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

நீ வாங்கலாம் என்று நினைக்கும் பழைய காரின் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி அழகாகத்தான் இருக்கிறது. 2014 மாடல், டீசல், ஆட்டோமேட்டிக், ஜெர்மன் கம்பெனி, டெல்லி நம்பர். நாலு லட்சத்துக்கு இப்படி ஒரு வண்டி எங்கே கிடைக்கும் என்று மாப்பிள்ளை கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஏன் அந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதை எழுதுகிறேன், அவரும் படிக்கட்டும்.

முதலில் டெல்லி நம்பர். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அங்கே விலை போகாத டீசல் வண்டிகள் இந்தப் பக்கம் மலிவாக வர ஆரம்பித்தது அதனால்தான். அதில் நல்ல வண்டியும் உண்டு. ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டுவதானால் அங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, நம்ம ஊர் வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். புரோக்கர் சொன்ன நாலு லட்சத்தில் அந்தச் செலவு சேரவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதில் பதினைந்து லட்சம் போன வண்டி நாலு கை மாறி நாலு லட்சத்துக்கு இறங்கிவிடும். அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. நீ கொடுப்பது சின்ன வண்டியின் காசு, ஒர்க்‌ஷாப்பில் போடுவது பெரிய வண்டியின் பில். அந்த கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச் இருக்கும். எதை எப்போது பிடிப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொள்ள மெக்கட்ரானிக்ஸ் என்று ஒரு யூனிட். அது போய்விட்டால் பெரும்பாலும் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், லட்சத்தைத் தாண்டிவிடும். டர்போ, நாலு இன்ஜெக்டர் எல்லாம் அதற்கு மேலே. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதே. விபத்துக்குக் கொடுப்பார்கள். தேய்ந்து போனதற்கும் தானாகப் பழுதானதற்கும் சாதாரண பாலிசியில் பைசா வராது.

நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வாத்தியார் வந்தார், உனக்கும் ஞாபகம் இருக்கலாம். சொசைட்டியில் கடன் வாங்கி இதே ரக வண்டி எடுத்திருந்தார். முதல் மழைக்காலத்திலேயே கியர் விழாமல் நின்றுவிட்டது. செலவு எவ்வளவு என்று சொன்னபோது அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி எங்கள் ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது, கடனுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பார்ட்ஸ் கணக்கில்தான் போனது. இன்று வரை அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. உன்னை அந்த ஸ்டூலில் பார்க்க என்னால் முடியாது.

விற்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. ஆனால் பெரிய வேலைக்கு எஸ்டிமேட் கையில் வந்த அன்றைக்குத்தான் நிறையப் பேருக்கு வண்டியை விற்கும் யோசனையே வரும். அவர்கள் தள்ளிப்போட்ட செலவு வாங்குகிறவர் தலையில் விழும்.

இன்னொன்று, நீ போய் வருவது வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு. இஞ்சின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அப்படி ஓட்டினால் டீசல் வண்டியில், புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி கட்டும். 2020-இல் கட்டாயமான பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசலில், புகை போகும் வழியில் இருக்கும் ஃபில்டரும் அடைத்துக்கொள்ளும், நீண்ட தூரம் ஓட்டினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். உனக்கு டீசலே வேண்டாம்.

ஒரே ஓனர் வைத்திருந்த பெட்ரோல் வேகன்ஆர், ஸ்விஃப்ட் மாதிரி பார். தெருமுனை மெக்கானிக்கும் பிரித்துப் பார்த்த வண்டிகள், புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸும் கிடைக்கும். எதைப் பார்த்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட்டைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டில் சேற்றுக் கறையை விட்டுவிடுவார்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. வண்டி 2017, மீட்டர் முப்பதாயிரம், ஆனால் நாலு டயரும் அதற்கப்புறம் வந்தவை என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேள், மீட்டரைக் குறைத்து வைத்திருக்கலாம். ஆர்.சி.யில் கடன் பாக்கி நிற்கிறதா என்பதை எம்பரிவாகன் ஆப்பிலேயே பார்த்துவிடலாம். வாங்கியதும் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றுவதற்குத் தனியாகப் பணம் எடுத்து வை.

கண்ணு, நீ ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வருகிறவள். சில நாள் குழந்தையும் கூட இருக்கும். ஓ.எம்.ஆரில் வண்டி நின்றால் யாரை எழுப்புவாய் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பணம் அதற்கப்புறம்தான்.

புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அட்வான்ஸ் கொடுக்காதே. வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி சனிக்கிழமை காலை வந்துவிடுகிறேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரும் எடுத்து வருகிறேன். நான் வருகிற வரைக்கும் இஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லி வை. ஆறிக் கிடக்கும் இஞ்சினில்தான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். உன் அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா