எங்கட லேன்காரருக்கு மனசார நன்றி

வெள்ளவத்தையில எங்கட லேன்ல இருக்கிற எல்லாருக்கும் இத எழுதுறன். மார்ச், ஏப்ரல் வெக்கைக்குள்ள எங்கட நாயள் ஜிம்மியும் பிரவுணியும் வளவுக்குள்ள நிண்டு பகல் முழுக்க குலைச்சதுகள், உங்களில ஒருத்தருக்கும் மத்தியானம் கண் மூட முடிஞ்சிருக்காது, அப்பிடியிருந்தும் ஒருத்தரும் சண்டைக்கு வரேல்ல.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அன்ரிக்கு. கைக்குழந்தை இருக்கிற வீடு, கோவிச்சிருந்தாலும் நியாயம்தான். ஆனா மதிலால எட்டிப் பாத்து "பிள்ள, அதுகள் குழப்படி செய்யேல்ல, நிக்கிற சீமெந்து சுடுது, கைய வைச்சுப் பாருங்கோ" எண்டா. புறங்கைய வைச்சன், அஞ்சு செக்கன் கூட வைக்கேலாம எடுத்திட்டன். ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேல நிக்கிற நாள், நான் அதுகள அந்த நிலத்திலயே விட்டிருந்திருக்கிறன், நினைக்க இப்பவும் நெஞ்சு கனக்குது.

மிருக வைத்தியர் டொக்டருக்கும் நன்றி, போன்லயே பொறுமையா விளங்கப்படுத்தினார். நாய்க்கு எங்களப் போல உடம்பெல்லாம் வேர்க்காதாம், பாதத்திலதான் கொஞ்சம், மிச்சமெல்லாம் நாக்கத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்ட வெளியேத்தும், கொழும்பு மாதிரி புழுக்கமான இடத்தில அதுவும் சரியா வேலை செய்யாது. நாயின்ர சூடு சாதாரணமா 38, 39 பாகை, 40 தாண்டினா ஆபத்து, உடன வயித்திலயும் காலிலயும் பைப் தண்ணி விட்டு ஃபேன் காத்தில வைச்சுக் கொண்டு வரச் சொன்னார். ஈரத் துவாயால மூடி விடக்கூடாது, சூடு உள்ளுக்கயே நிண்டிடுமாம்.

முன் வீட்டு அண்ணா தன்ர பச்சை நெட்ட நிழலுக்கு மாமரத்திலயிருந்து மதில் வரைக்கும் கட்டித் தந்தார், கேற்றுக்குக் கீழ இருந்த இடைவெளியையும் பலகை வைச்சு அடைச்சார். அதுக்குப் பிறகுதான் விளங்கினது, பாதிக் குலைப்பு அதுக்குள்ளால தெரியிற பூனைக்கும் த்ரீவீலுக்கும் எண்டு! மாடி வீட்டு அக்கா கோழி அவிச்ச தண்ணிய உப்பு, வெங்காயம், உள்ளி ஒண்டும் போடாம யோகட் கப்பில ஐஸாக்கித் தந்தா, ஒரு கப் நக்கி முடிக்க அரை மணித்தியாலம், அவ்வளவு நேரமும் லேன் அமைதி. சாப்பாட்ட கோப்பையில வைக்காம தேங்காய்ப் பொச்சுக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொன்னதும் அவதான், தேடித் தேடியே களைச்சுப் படுத்திடுங்கள்.

வருசப் பிறப்புக்கு வெடிய லேனுக்குள்ள கொளுத்தாம கடற்கரைக்குக் கொண்டு போன பெடியளே, அத நான் மறக்க மாட்டன். பிரவுணி போன வருசம் கட்டிலுக்குக் கீழ நடுங்கிக்கொண்டு கிடந்தவள், இந்த முறை என்ர காலடியில நித்திரை.

அன்ரி, உங்கட மண் சட்டி இன்னும் எங்களிட்டத்தான். தண்ணி அதிலதான் குளிரா நிக்குது, மழை தொடங்கினதும் கழுவிக் கொண்டு வந்து தாறன்.