கவிழ்த்துப் போட்ட ராணி

நங்கநல்லூர், சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். சின்னவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அன்றைக்கே ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

கோவா போக்கர் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். இரண்டாவது இடம். ஒரே ஒரு கையில் முதல் பரிசு போயிற்று. அன்றிலிருந்து அதைத்தான் மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். கிண்டி ஹாஸ்டலில் எனக்குச் சீட்டைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. உன்னிடம் சொன்னால்தான் ஆறும்.

முதலில், போனில் பணம் வைத்து ஆடுகிறேனோ என்ற உன் கவலைக்குப் பதில். போனில் ஆடவில்லை. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தபின் பணம் வைத்து ஆடும் ஆப்கள் நின்றுபோயின. எனக்கு அதில் வருத்தமில்லை. படுக்கையில் படுத்தபடியே சம்பளத்தைத் தொலைத்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கென்று எடுத்துவைத்த பணத்தோடு போகிறேன். அது தீர்ந்தால் திரும்பி வந்துவிடுவேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை மாடியில் என் மகனோடு புளியங்கொட்டை வைத்து ஆடுவதோடு சரி.

மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல், ராத்திரி இரண்டு மணி. மேஜையில் மிச்சம் இரண்டு பேர். எதிரில் இருந்த பையனுக்கு 25 வயது இருக்கலாம். ஒன்பது பேர் மேஜையில் நல்ல சீட்டு வரும்வரை ஒதுங்கி உட்காரலாம். இருவர் மட்டும் என்றால் அது நடக்காது. ஒவ்வொரு கைக்கும், அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் கட்டியாக வேண்டும், காத்திருந்தால் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) கரைந்துகொண்டே போகும். அதனால் சுமாரான சீட்டோடும் இறங்கத்தான் வேண்டும். கையில் இருக்கும் இரண்டு சீட்டு ஃப்ளாப்பில், அதாவது இருவருக்கும் பொதுவாக முதலில் விரிக்கும் மூன்று சீட்டில், ஜோடி சேர்வது மூன்றில் ஒரு தடவைதான். ராணி ஜோடி கிடைத்தால் அங்கே அது பெரிய கை.

எனக்கு வந்தது அதுதான். என்னிடம் 18 லட்சம் சிப்ஸ், அவனிடம் 14. பிளைண்ட் 20,000, 40,000. சீட்டுப் போடும் முறையைக் காட்டும் பட்டன் அவனிடம். ஒரு லட்சம் போட்டான். நான் டைமண்ட் ராணியும் கிளாவர் ஜாக்கியும் வைத்துக்கொண்டு கால் சொன்னேன், அதாவது அவன் போட்ட அளவுக்கு நானும் போட்டேன். ஃப்ளாப்பில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் ஏழு, டைமண்ட் இரண்டு. நான் பணம் போடாமல் செக் சொல்ல அவன் 80,000 போட்டான், கால். டர்னில், நாலாவது பொதுச் சீட்டாக, கிளாவர் நாலு. 2,40,000 போட்டான், கால். ரிவரில், ஐந்தாவதும் கடைசியுமாக, ஆட்டின் ஒன்பது. ஒரே இனத்தில் ஐந்து சேரும் ஃப்ளஷ்ஷுக்கு வேண்டிய மூன்றாவது இஸ்பேட் வரவே இல்லை. நடுவில் 8,40,000 கிடந்தது. நான் செக் சொன்னதும் மிச்சமிருந்த 9,80,000 முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளினான். ஆல்-இன்.

கணக்கு சுலபம். 9.8 லட்சம் கொடுத்தால் மொத்தம் 28 லட்சம் ஆகும். நூற்றுக்கு 35 தடவை என் கை ஜெயித்தால் போதும், கால் சொல்வது சரி. தோற்றாலும் எனக்கு 4,00,000 மிஞ்சும், ஆட்டம் முடியாது. ஜெயித்தால் அந்த இடத்திலேயே முதல் பரிசு.

அவன் கையில் என்னென்ன இருக்கலாம் என்று ஊருக்கு வந்தபிறகு நோட்டில் எழுதிப் பார்த்தேன். என்னை ஜெயிக்கிறவை: ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராணி, ராஜா-ராணி, மூன்று ஒரே சீட்டு சேர்ந்த கைகள், எல்லாம் சேர்த்து 41 விதம். ராணி ஒன்று என் கையிலேயே இருந்ததால் ஏஸ்-ராணி மட்டும் 12 விதத்திலிருந்து 8 ஆகக் குறைந்துவிட்டது. இரண்டு ஜோடிக் கைகள் சிலவற்றையும் சேர்த்து 50 என்று வைத்துக்கொள். சரி, தோற்கிற கைகள்? என்னிடம் இஸ்பேட் ஒன்றுகூட இல்லை. ஆகவே வெளியே 11 இஸ்பேட். அதில் இரண்டிரண்டாக எடுத்தால் 55 விதம். ஃப்ளஷ்ஷுக்காகத் துரத்தி வந்து ரிவரில் பெரும்பாலும் வெறுங்கையாக நின்றவை அவை. பாதியைக் கழித்துவிட்டாலும் 27. 50-க்கு எதிரே 27 இருந்தாலே 35 சதவீதம் வந்துவிடுகிறது. ஆறு-ஐந்து மாதிரி, ஐந்து சீட்டு வரிசையாகச் சேரும் ஸ்ட்ரெய்ட்டுக்குக் காத்திருந்து ஏமாந்த கைகளை இன்னும் சேர்க்கவே இல்லை.

இவ்வளவு நுணுக்கமாக மேஜையில் எண்ண முடியாதுதான். ஆனால் ஒன்று கண் முன்னாலேயே நடந்திருந்தது. இரண்டு மணி நேரம் முன்பு அதே பையன் மூன்று ஏழு வைத்துக்கொண்டு ஒருவரை வெளியே அனுப்பினான். அப்போது டீலரிடம் எந்த ஊர், சாப்பிட்டாயா என்று பேசிக்கொண்டே இருந்தான். இந்தத் தடவை ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கட்டை விரலுக்கு அடியில் அழுத்திப் பிடித்திருந்தான், நகம் வெளுத்திருந்தது. மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை. அந்த அமைதியைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன். முன்னே பார்த்தது நினைவுக்கே வரவில்லை.

மூன்று நிமிடம் யோசித்தேன். அவன் நினைத்திருந்தால் க்ளாக், அதாவது எனக்கு நேரக்கெடு, கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு ராணியையும் ஜாக்கியையும் கவிழ்த்துத் தள்ளினேன். அவன் தன் சீட்டைக் காட்டாமல் டீலரிடம் கொடுத்தான். என்ன வைத்திருந்தான் என்று இனித் தெரியப்போவதில்லை.

மச்சான், அப்படிக் கவிழ்த்து ஃபோல்ட் செய்ததுகூட எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. அந்த மூன்று நிமிடம் எதை யோசித்தேன் என்பதுதான் உறுத்துகிறது. இரண்டாம் பரிசு 6 லட்சம், முதல் பரிசு 9,50,000. இருவர் மிஞ்சியபோதே அந்த 6 லட்சம் என்னுடையது. அதை யாரும் பிடுங்க முடியாது. மேஜையில் இருந்தது மேலே உள்ள மூன்றரை லட்சம் மட்டும். ஆனால் நானோ அந்த ஆறைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரி 30 சதவீதம் போக எவ்வளவு வரும், மாடி ஒழுகலைச் சரிசெய்யலாமா, இப்படித்தான் ஓடியது மனசு. எதிரே இருந்தவனை நான் பார்க்கவே இல்லை.

2003-இல் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்டில் இதே மாதிரி ஒரு கை நடந்தது. கடைசி இருவர், கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபர்ஹாவும். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி, அங்கே அதைவிடப் பெரிய சீட்டு கீழே விழவில்லை. மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும், ஜோடிகூட இல்லை. இஸ்பேட் ஃப்ளஷ் தவறிப்போய் ரிவரில் ஆல்-இன். ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று ஃபர்ஹா வாய்விட்டே கேட்டார். சரியாகக் கண்டுபிடித்தும் கவிழ்த்தார். கடைசியில் 25 லட்சம் டாலர் முதல் பரிசு மணிமேக்கருக்குப் போயிற்று. அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்து, இவர் ஏன் கால் சொல்லவில்லை என்று என் மகனிடம் வாதாடியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறது.

அப்புறம் நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஏஸ்-ராஜா வந்தது, ஆல்-இன் போனேன், அவனிடம் ஒன்பது ஜோடி, அது அப்படியே நின்றுவிட்டது. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தத் தோல்வியில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அன்றைக்கே நன்றாகத் தூங்கினேன். ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோவில் வரும்போதுதான் டைமண்ட் ராணி ஞாபகத்துக்கு வந்தது. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பையைத் தோளில் மாட்டியபடி பிளாட்பாரத்திலேயே பத்து நிமிடம் நின்றேன்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, இரண்டு நாள் கூடுதலாக இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. அதே ஐந்து சீட்டை மாடியில் விரித்து வைக்கிறேன். நீ அந்தப் பையன் இடத்தில் உட்கார், உனக்குப் பிடித்த இரண்டு சீட்டை எடுத்துக்கொண்டு புளியங்கொட்டை முழுவதையும் தள்ளு. உன் முகம் எனக்கு முப்பது வருஷப் பழக்கம், இருந்தாலும் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்று எழுது: என் இடத்தில் நீ இருந்திருந்தால் கால் சொல்லியிருப்பாயா?

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய ரூம்மேட்