சோவியத் திரைப்படத் திரையிடலுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி

அன்பும் மதிப்பும் நிறைந்த நண்பர்களுக்கு,

வணக்கம். சோவியத் காலத்தில் ரஷ்ய மொழியில் எடுக்கப்பட்ட கதைப்படங்களைத் தமிழ் சப்டைட்டிலுடன் எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் திரையிட்டு வந்த தொடர்நிகழ்ச்சி, சென்ற ஞாயிற்றுக்கிழமையுடன் நிறைவு பெற்றது. மேடையில் நேரமின்மையால் ஓரிரு சொற்களில் சொல்லி முடித்த நன்றியை, உரியவர்களுக்கு உரிய முறையில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, ரஷ்யாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய நம் ஊர் மருத்துவர் அம்மாவுக்கு. நோயாளிகளைப் பார்த்து முடித்த பின் இரவில் உட்கார்ந்து, ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் ரஷ்ய உரையாடலை நேரடியாகக் கேட்டே அவர் தமிழாக்கித் தந்தார். கிரிகோரி சுக்ராய் 1959இல் எடுத்த ‘போர்வீரனின் கதைப்பாடல்’ படத்தில், இரண்டாம் உலகப்போரில் இரண்டு டாங்குகளை வீழ்த்திய பத்தொன்பது வயது அல்யோஷா, பதக்கத்துக்குப் பதிலாக, அம்மாவைப் பார்த்து வீட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு வர விடுப்புக் கேட்கிறான். வழியில் போர்முனைக்குச் செல்லும் வீரன் ஒருவன், ஊரிலுள்ள தன் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லி அவனிடம் சோப்பைத் தந்தனுப்புகிறான். போர்க்காலத்தில் சோப்பு எவ்வளவு அரிய பொருள் என்பதை யாரும் விளக்காமலே நமக்குப் புரியவைக்கும் காட்சி அது. அந்த மனைவி வேறொருவருடன் வாழ்வதைக் கண்டுகொண்ட அல்யோஷா, படியிறங்கிப் போனவன் திரும்பி வந்து, கொடுத்த சோப்பை எடுத்துச் சென்று, வீரனின் தந்தையிடம் சேர்க்கிறான். அந்தப் பெரியவரிடம் உங்கள் மகன் நலமாக இருக்கிறான் என்று அவன் சொல்லும் இடத்தில், மருத்துவர் அம்மாவின் தமிழ் அளந்து வைத்ததுபோல் அத்தனை குறைவான சொற்களில் நின்றது. கூடத்தில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்டாலின்கிராடில் போரிட்டவர் சுக்ராய். ஆனாலும் தம் படத்தின் பெரும்பகுதியைப் போர்க்களத்தில் வைக்காமல் ரயில் பெட்டிகளிலும் நிலையங்களிலும் வைத்தார். அவர் மீது எனக்குள்ள பெருமதிப்புக்கு அதுவே காரணம்.

ஒளிப்பதிவு குறித்து ஒவ்வொரு படத்துக்கும் முன்னுரை வழங்கிய கல்லூரிப் பேராசிரியர் ஐயாவுக்கு எங்கள் பணிவான நன்றி. மிகயீல் கலத்தோசவின் ‘கொக்குகள் பறக்கின்றன’ 1958இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது என்பதைப் பலரும் படித்திருப்போம். ஆனால் அதன் ஒளிப்பதிவாளர் செர்கேய் உருசேவ்ஸ்கி போர்முனையிலும் ஒளிப்பதிவாளராக இருந்தவர் என்பதையும், அந்த அனுபவம் படத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஐயா நிறுத்தி நிறுத்திக் காட்டியபோதுதான் உணர்ந்தோம். படத்தின் நாயகி வெரோனிக்கா பேருந்திலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடும்போது கேமராவும் அவளோடு இறங்கி ஓடி, அப்படியே மேலெழுந்து, டாங்குகளுக்கு இடையே அவள் சாலையைக் கடப்பதை உயரத்திலிருந்து காட்டுகிறது. இடையில் வெட்டே இல்லை. போர்முனையில் குண்டடிபட்ட அவள் காதலன் போரிஸின் கண்ணில் பிர்ச் மரங்கள் சுழலும் காட்சியை ஐயா மறுபடி ஓட்டிக் காட்டியதைப் பள்ளி மாணவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

லாரிசா ஷெபித்கோவின் ‘ஏற்றம்’ படத்துக்கு ஊர்ப் பெண்களைத் திரளாக அழைத்து வந்த மாதர் குழுவினருக்கும் நன்றி. 1977இல் பெர்லின் விழாவின் தங்கக்கரடி விருதை வென்று, இரண்டே ஆண்டுகளில் சாலை விபத்தில் மறைந்துபோன அந்த இயக்குநரைப் பற்றி அன்று நிகழ்ந்த கலந்துரையாடல், இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்தது.

அலெக்சாந்தர் அஸ்கோல்தவின் ‘கமிஸார்’ குறித்து நடந்த விவாதத்துக்காக மூத்த தோழர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நியூ செஞ்சுரி புத்தக வண்டியில் சோவியத் நூல்களை வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை அவர்கள். வசீலி கிராஸ்மனின் சிறுகதையைத் தழுவி, கருவுற்ற செம்படைப் பெண் அதிகாரி ஒருவர் ஏழை யூதக் குடும்பமொன்றில் தங்கிப் பிள்ளை பெறுவதைச் சொல்லும் இந்தப் படம், 1967இல் எடுக்கப்பட்டும் இருபது ஆண்டுகள் தடையில் கிடந்து, 1987இல்தான் மாஸ்கோவில் திரையேறியது. அதற்குப் பிறகு அஸ்கோல்தவ் வேறு கதைப்படம் எதையும் இயக்கவில்லை. தாம் நேசித்த ஓர் அரசு இதைச் செய்தது என்பதை அந்தத் தோழர்கள் மறைக்கவும் இல்லை, அதைக் காரணம் காட்டி இப்படங்களையெல்லாம் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட இடங்கொடுக்கவும் இல்லை. ஸ்டுடியோவும் படச்சுருளும் ஊதியமும் கொடுத்தது எந்த அரசோ அதே அரசுதான் படத்தைப் பூட்டியும் வைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தத் திரைப்படங்களை அறிய முடியாது என்பதே என் எண்ணமும்.

நாம் நேரில் காண முடியாத சிலருக்கும் நன்றிக்கடன் உண்டு. மாஸ்கோவுக்கு அருகில் பேலியே ஸ்தல்பியில் 1948 முதல் இயங்கிவரும் கோஸ்ஃபில்மோஃபோந்த் ஆவணக்காப்பகத்தில் படச்சுருள்களைப் பாதுகாத்துவரும் பணியாளர்களும், பழைய படங்களைச் சீரமைத்து யூடியூபில் கட்டணமின்றிப் பார்க்கத் தந்திருக்கும் மோஸ்ஃபிலிம் நிறுவனத்தாரும் இல்லையென்றால், சிற்றூர் ஒன்றில் இந்த வாய்ப்பு நமக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

கூடத்தை மாலை நேரங்களில் திறந்துவைத்த நூலகர், புரொஜக்டரை இரவல் தந்து தாமே வந்து இயக்கிய ஸ்டுடியோ தம்பி, நாற்காலிகளை அனுப்பிய பந்தல்காரர், இடைவேளைத் தேநீருக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர் ஆகியோருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

மருத்துவர் அம்மாவின் இசைவுடன், தமிழ் சப்டைட்டில் கோப்புகள் அனைத்தையும் நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். தங்கள் ஊரில் திரையிட விரும்பும் எவரும் நூலகரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அம்மாவின் உழைப்பை மேடையில் மறவாமல் குறிப்பிட வேண்டும் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.

நன்றியுடன்,
திரையிடல் குழுவின் சார்பில்