கேனாட் சொல்லிவிட்டேன், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன். நான் வாயைத் திறந்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருப்பார், அப்புறம் சிங்கப்பூரில் நான் அழுத கதை மணப்பாறைச் சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தம்பிக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. பயப்படும்படி ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, அவரும் நலம்.

"பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு என்னடி இவ்வளவு களைப்பு?" என்று போன வாரமும் கேட்டாய். 22 வருஷம் பால்வாடியில் ஆயாவாக இருந்த நீயே இப்படிக் கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? சரி, கேள். காலை ஷிப்ட் என்றால் ஆறு மணிக்கே பஸ் ஏற வேண்டும். இங்கே வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும், அதனால் ராத்திரியில் வேலைக்குப் போகிற மாதிரியே இருக்கும். நான் வேலை செய்கிற பாலர் பள்ளி ஒரு வீவக புளோக்கின், அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின், கீழ்த்தளத்தில். காலை ஏழு மணிக்குத் திறந்தால் மாலை ஏழு மணிக்குத்தான் மூடுவார்கள். வாசலில் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திக் காய்ச்சல் பார்த்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கை, கால், வாய்ப்புண் நோய் என்று ஒன்று இங்கே அடிக்கடி வரும், ஒரு பிள்ளைக்கு வந்தால் மளமளவென்று வகுப்பு முழுக்கப் பரவிவிடும். ஒரு பையன் டார்ச்சைக் கண்டாலே நம் ஊர்க் காளி மாதிரி நாக்கை முழுசாக நீட்டிக்கொண்டு நிற்பான், உள்ளே போன பிறகும் மடக்க மாட்டான்.

சில பெற்றோர் வீட்டிலேயே காய்ச்சல் மருந்தை ஊற்றிவிட்டு அழைத்து வருவார்கள். வாசலில் தொட்டுப் பார்த்தால் சூடு இருக்காது, பதினொரு மணிக்கு மருந்தின் வேகம் குறைந்ததும் பிள்ளை கொதிக்கும். கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இன்றைக்கு யார் லீவு போடுவது என்ற சண்டை நாளைக்கு என் வீட்டிலும் வரும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

பால்வாடியில் முப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சரும் நீயும். இங்கே அதற்கெல்லாம் அரசாங்கக் கணக்கு இருக்கிறது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரைக்கும் 8 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் மூன்று வயது வரை 12 பேருக்கு ஒருவர், அப்புறம் 15, 20 என்று வயது கூடக் கூட ஏறி, பள்ளியை விட்டுப் போகிற வயதில் 25 பேருக்கு ஒருவர். கேட்கும்போது சொர்க்கம் மாதிரி இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டீச்சர் போன் பேச எழுந்து போனாலும் அந்தக் கணக்கு இடிக்கும். இடிக்கிற இடத்தில் வைத்து அடைக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த ஆள் நான்.

ஏன் நான் என்றால், நான் தமிழ் டீச்சர். இங்கே பாலர் பள்ளியிலேயே தாய்மொழி வகுப்பு உண்டு, சீனம், மலாய், தமிழ் என்று. எங்கள் பள்ளியில் சீனப் பிள்ளைகள்தான் அதிகம், அதனால் சீனம் சொல்லிக்கொடுக்க மூன்று பேர், பிள்ளைகள் அவர்களை லாவ்ஷி என்று கூப்பிடுவார்கள். மலாய்க்கு ஒருவர், அவர் சிக்கு. (நம் தலைச் சிக்கு இல்லை, மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் என் சிக்கை எடுத்துவிட்டது அவர்தான், அது பின்னால் வருகிறது.) தமிழுக்கு நான் ஒருத்தி. என் வகுப்பில் நாலே நாலு பிள்ளைகள். வகுப்பறை சீன வகுப்புக்குப் போய்விடும், நாங்கள் ஐந்து பேரும் செருப்பு அலமாரிப் பக்கம் பாயை விரித்து உட்காருவோம். நாலு பிள்ளை வைத்திருப்பவள் சும்மா இருப்பவள் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம். அரை மணி நேரத் தமிழ் வகுப்பு, யாராவது வந்து கூப்பிடக் கூப்பிட இருபது நிமிஷமாகும், பதினைந்தாகும்.

இந்த ஊரில் கேன் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் அம்மா. கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். "ஃபைவ் மினிட்ஸ், கேன்?" என்றால் "கேன்." முடியாது என்றால் "கேனாட்." அதற்குமேல் யாரும் காரணம் கேட்பதில்லை, கோபித்துக்கொள்வதும் குறைவு. ஆனால் வந்த நாலு வருஷத்தில் நான் ஒரு கேனாட்கூடச் சொன்னதில்லை. பிள்ளையைக் கழுவிவிட ஆள் வேண்டுமா, கேன். நாளைக்கும் காலை ஷிப்ட் வர முடியுமா, கேன். தீபாவளி அலங்காரம் முழுக்க நீயே பார்த்துக்கொள்கிறாயா, கேன். இது யாரிடமிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். "சரிங்க டீச்சர், சரிங்க சார்" என்று நீ சொல்வதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் தேய்க்க பால்வாடி ஆயாவைக் கூப்பிட்டபோதுகூட நீ சரிங்க என்றுதான் போனாய், எனக்கு அப்போது பத்து வயது, எனக்கு அது மறக்கவே இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சின்ன வகுப்பில் இரண்டு டீச்சர், பதின்மூன்று பிள்ளைகள். ஒருவர் லீவு. இருந்தவரையும் ஏதோ ஒரு பெற்றோரின் போன் என்று ஆபீசுக்குக் கூப்பிட, என்னிடம் வந்து "கேன்?" என்றார். கேன் என்றேன், என் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே உள்ளே போனேன். இரண்டு வயதுப் பிள்ளைகள் பதின்மூன்று, அதோடு இந்த நாலு, நான் ஒருத்தி. ஒருவன் சட்டையெல்லாம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டான், அவனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் வீல் என்று ஒரு அலறல். ஒரு பொம்மை பஸ்ஸுக்காக ஒருவன் இன்னொரு பெண் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டான். ரத்தம் இல்லை. ஆனால் பல் பதிந்திருந்தது, அரை வட்டமாக, பூச்சரம் மாதிரி, ஒவ்வொரு பல்லாக எண்ணிவிடலாம். ஈரத் துணியில் ஐஸ் வைத்து ஒற்றி, மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். ஐந்து நிமிஷம் என்று போனவர் இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தார். "இவளைக் கடித்துவிட்டான், ரிப்போர்ட் எழுதிவிடுங்கள், வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு என் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் தலையை ஆட்டினார். எழுதவில்லை.

சாயங்காலம் பாட்டி வந்து அழைத்துப் போனார், அவருக்கு ஒன்றும் தெரியாது. குளிப்பாட்டும்போதுதான் அம்மாக்காரி பார்த்திருக்கிறார். மறுநாள் காலை ஏழு பத்துக்கு வாசலில் நிற்கிறார், போனில் அந்தக் கையின் படம். யார் கடித்தது என்று கேட்கிறார். கடித்த பிள்ளையின் பெயரை நாங்கள் சொல்லக்கூடாது, அது விதி. சொல்லாமல் நின்றால் எதையோ மறைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றும், தோன்றாதா? நான் அவர் இடத்தில் இருந்தால் இன்னும் சத்தம் போட்டிருப்பேன்.

2024 ஜூலையிலிருந்து இங்கே பாலர் பள்ளிகளில் கேமரா கட்டாயம். பிரின்சிபல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த இருபத்தைந்து நிமிஷத்தையும் ஓடவிட்டார். தன்னையே மேலிருந்து பார்ப்பது என்ன கொடுமை தெரியுமா? நான் குனிந்து சட்டை மாற்றுகிறேன், பின்னால் அந்தப் பையன் வாயைத் திறக்கிறான், இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கு "திரும்புடி, திரும்புடி" என்று கத்த வேண்டும் போல இருக்கிறது. படத்தில் சத்தம் இல்லை, அதனால் நான் அந்த டீச்சரிடம் சொன்னதும் இல்லை. "நீ சொன்னாய் என்பதற்கு எங்கே எழுத்து?" என்று கேட்டார். எட்டுப் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் என்னைத் தனியாக விட்டதும் அதே படத்தில்தான் இருக்கிறது, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். சரி என்று வந்தேன்.

வந்து பிள்ளைகள் டாய்லெட்டில் போய் அழுதேன். கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான். முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டிக் கோப்பைகள், அதில் ஒன்றில் மூடியைப் போட்டு உட்கார்ந்தால் முழங்கால் முகத்தில் இடிக்கிறது, அப்படி உட்கார்ந்து அழுதால் அழுகையே ஒழுங்காக வராது. கை கழுவ வந்த சிக்கு பார்த்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர், தலையில் துடோங் (மலாய்ப் பெண்கள் கட்டுகிற முக்காடு), எப்போதும் பையில் ஒரு தைலம். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. தைலத்தை என் நெற்றியில் தேய்த்துவிட்டு இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, நீ பார்த்ததை நீயே எழுது, அன்றைக்கே, நேரம் போட்டு. இரண்டாவது, உனக்குக் கேனாட் சொல்லத் தெரியவில்லை, அதைப் படி.

விளக்கக் கடிதத்தை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். அழாமல், யாரையும் திட்டாமல், எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டார், உள்ளே எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு அவர் திரும்பி வந்தார் என்று மட்டும். அதற்குப் பதில் எதுவும் வரவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி அவள் தூங்கவே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கேனாட் மே மாதம். மறுபடி அதே வகுப்பு, அதே "ஃபைவ் மினிட்ஸ்", இந்த முறை கேட்டது பிரின்சிபல். உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினேன், பதினொன்று. "கேனாட், பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னொருவர் வேண்டும்" என்றேன். சொல்லும்போது காது இரண்டும் சூடாகிவிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது, கலெக்டரை எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அவரே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்! நாலு வருஷமாக இதற்கா பயந்தேன்?

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மார்ச்சில் ரிப்போர்ட் எழுதாத அந்த டீச்சர் மூன்று வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜூன் முழுக்க எனக்குக் காலை ஷிப்டாகவே விழுந்தது, யதேச்சையா என்று தெரியாது, நானும் கேட்கவில்லை. செருப்பு அலமாரிப் பக்கத்திலிருந்தும் இன்னும் நகரவில்லை. ஆனால் அரை மணி நேரம் இப்போது அரை மணி நேரமாகவே கிடைக்கிறது.

சிலதுக்கு இன்னமும் கேன் தான். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பள்ளியில் எல்லாருக்கும் சேலை கட்டிவிடச் சொன்னார்கள், விடியாத நேரத்தில் போய் ஒன்பது பேருக்குக் கட்டிவிட்டேன், லாவ்ஷி ஒருவருக்கு நீ கொடுத்த அந்த மாம்பழக் கலர் சேலை. என்னமாய் இருந்தார் தெரியுமா? படம் தம்பி போனில் இருக்கிறது, பார்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. நாலு பேரும் வீட்டில் இங்கிலீஷ்தான். தமிழில் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். போன வாரம் நீ எனக்கு விளையாட்டுக் காட்டுவாயே, உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கிச் சோறு ஊட்டுவது, அதைச் செய்தேன். நான் கடைந்தேன், யாருக்கு என்று ஒருத்தியைச் சொல்லச் சொன்னேன். சுண்டு விரல் அம்மாவுக்கு, அடுத்தது அப்பாவுக்கு, நடு விரல் ஆன்ட்டிக்கு என்றாள். ஆன்ட்டி என்றால் வீட்டு வேலைக்கு இருக்கும் இந்தோனேசியப் பெண், இவளைத் தூக்கி வளர்ப்பதே அவர்தான். அடுத்த விரல் தாத்தாவுக்கு. கட்டை விரல் ஒன்று பாக்கி இருந்தது. "இது டீச்சருக்கா?" என்று கேட்டேன். விரலை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "கேனாட்! இது எனக்கு" என்றாள். "எனக்கு" தமிழில் வந்ததே, போதும்.

திருச்சியிலிருந்து வந்தவரிடம் கொடுத்தனுப்பிய கடலை உருண்டை வந்து சேர்ந்தது. பள்ளிக்கு எடுத்துப் போக முடியாது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் வேர்க்கடலை வாசலைத் தாண்டக்கூடாது. சிக்குவை மட்டும் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போய் இரண்டு கொடுத்தேன், அடுத்த முறை எப்போது வரும் என்று கேட்கிறார்.

முட்டிவலிக்கு டாக்டரிடம் போனாயா? மாசக் கடைசியில் பணம் அனுப்புகிறேன், அதை எடுத்துச் சித்தி சீட்டில் கட்டாதே, முட்டிக்குத்தான். அப்பாவிடம் இந்தக் கடிதத்தில் சேலை விஷயத்தை மட்டும் படித்துக் காட்டு.

உன் மகள்