நியூஅதீனாவின் ஆடிக் கூர்மையைத் தளர்த்த வேண்டாம்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் அறிவியல் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 2037-இல் ஏவத் திட்டமிட்டுள்ள நியூஅதீனா எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்குத் தாங்கள் இறுதி ஒப்புதல் அளிக்கும் வேளை நெருங்குகிறது. அதன் ஆடியின் கூர்மையை இனியும் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியின் பொதுத் தரவுகளை ஆராய்பவன் நான். தொலைதூர விண்மீன் பேரடைக் கொத்து ஒன்றின் படத்தைத் திறந்தால், பல மணி நேரம் நோக்கிய பிறகும் கறுப்புத் திரையில் சிதறிய புள்ளிகளே தெரியும்; ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒளித்துகள். கொத்தின் விண்மீன்கள் அனைத்தையும் விட அதிக நிறை கொண்டதும், கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுடையதுமான வாயுவின் கதையை இந்தச் சொற்ப ஒளித்துகள்களிலிருந்தே படிக்க வேண்டியிருக்கிறது. செம்பெயர்ச்சி 2-இல், அதாவது ஒளி நம்மை அடைவதற்குள் அதன் அலைநீளம் மும்மடங்காகிவிடும் தொலைவில், உள்ள கொத்தின் பரப்புப் பொலிவு, விண்வெளியின் விரிவால் மட்டுமே 81 மடங்கு மங்கிவிடுகிறது. அங்கு 6.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் பிறக்கும் இரும்பின் நிறமாலைக் கோடு, நம்மிடம் 2.2-இல் வந்து சேர்கிறது.

அருகிலுள்ள பெர்சியஸ் கொத்தில் ஜப்பானின் எக்ஸ்-கதிர் விண்கலமான ஹிட்டோமி 2016-இல் அந்த இரும்புக் கோடுகளின் அகலத்தை அளந்து, வாயு நொடிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டர் வேகத்தில் கொந்தளிப்பதைக் காட்டியது. சில வாரங்களிலேயே அந்த விண்கலத்தை இழந்தோம் என்பது இன்றும் வலிக்கிறது. அதே அளவீட்டைத் தொலைதூரக் கொத்துகளுக்கும் கொண்டு செல்லவே நியூஅதீனாவை எதிர்நோக்கியிருக்கிறோம்.

ஆனால் எக்ஸ்-கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி மட்டும் போதாது. ஆடியின் கூர்மைக்கு இப்போதுள்ள இலக்கு 9 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்கு; எண் சிறுத்தால் படம் கூர்மையாகும்); செம்பெயர்ச்சி 2-இன் தொலைவில் அது சுமார் இரண்டரை லட்சம் ஒளியாண்டு, அதாவது கொத்தின் மையப்பகுதி முழுவதற்கும் ஏறக்குறைய நிகரான அகலம். மையப் பேரடையின் கருந்துளையைச் சூழ்ந்து வரும் எக்ஸ்-கதிரும் வாயுவின் ஒளியும் ஒன்றோடொன்று கலந்தால், அளந்தது எதை என்றே சொல்ல முடியாது. முதலில் 5 ஆர்க்செகண்டாக இருந்த இலக்கு, செலவு மிகுந்து திட்டம் மறுவடிவமைக்கப்பட்டபோது 9 ஆனது. அந்த நெருக்கடியை நான் சிறிதாக எண்ணவில்லை. அடுத்த சிக்கனத்துக்கு வேறு இடம் தேடுங்கள். ஒப்புதல் ஆவணத்தில் 9 ஆர்க்செகண்டை மீறக் கூடாத எல்லையாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
சந்திராவின் தரவுகளோடு நாள்களைக் கழிக்கும் ஓர் ஆய்வாளன்