ஒரு மெழுகு, பல வெண்கலம்

பாரிஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லாரும் சுகம். குளிர்தான் இன்னும் விடவில்லை. காலையில் தேன்மெழுகு கல்லாக இறுகிக் கிடக்கிறது. வெந்நீரில் போட்டு இளக்காமல் கத்தி வைத்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும்.

மெழுகு உருவத்தின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் வெண்கலம் ஊற்றி மண்ணை உடைத்தால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதானே, அந்த நாட்டியச் சிறுமி சிலையை மட்டும் எப்படி இத்தனை வார்த்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் எட்கர் தெகா செய்தவள். தெகா (1834–1917) ஓவியராகப் பேர் வாங்கியவர். உயிரோடிருந்தபோது கண்காட்சியில் வைத்த சிலை இந்த ஒன்றுதான், 1881-இல். நிறமேற்றிய மெழுகு உடம்பு, நிஜத் தலைமுடி, துணி ரவிக்கை, பாவாடை, ரிப்பன். பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். வெண்கலத்தில் அவர் ஒன்றைக்கூட வார்க்கவில்லை.

அவர் இறந்தபின் வேலையறையில் ஏறக்குறைய 150 உருவங்கள் கிடந்தன, பல நொறுங்கிப்போய். உள்ளே கம்பி, மரத்துண்டு, ஒயின் பாட்டில் தக்கை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்திருந்தார். சிறுமியின் கைக்குள் தூரிகைக் காம்பு இருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. தக்கை மெழுகைவிட இலேசு. சூட்டில் மெழுகு இளகினால் மேலே நெம்பும், வெடிப்பு விழும். நம் சுவாமிமலைப் பட்டறையில் இப்படிச் செய்தால் ஏச்சுத்தான் கிடைக்கும். ஆனால் அவர் முடித்துக் கொடுக்கச் செய்யவில்லை. ஒற்றைக் காலில் நிற்பவளின் பாரம் எங்கே இறங்குகிறது, ஓடும் குதிரையின் முதுகு எப்படி வளைகிறது என்று கலைத்துக் கலைத்துப் பிசைந்தார். விரல் பதிந்த அந்த மெழுகுகளே எனக்குப் பெரிது. சிறுமியின் மூல மெழுகு இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இங்கே ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது வெண்கலம்.

வார்த்தது எப்ரார் பட்டறை. தலைமை வார்ப்பாளர் அல்பீனோ பாலாத்ஸோலோ. மூல மெழுகை உருக்காமல் அதன்மேல் ஜெலட்டின் அச்சு எடுத்தார். அச்சில் மெழுகு நகல், நகலிலிருந்து ஒரு தாய் வெண்கலம், பிறகு அந்தத் தாயிலிருந்தே மற்றப் படிகள். பெரும்பாலான உருவங்களுக்கு 22 படி என்று கணக்கு: 20 விற்பனைக்கு, ஒன்று வாரிசுகளுக்கு, ஒன்று பட்டறைக்கு. வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு 1.5 முதல் 2 வரை சுருங்கும். தாயில் ஒரு சுருக்கம், படியில் மறு சுருக்கம். ஆகவே விற்ற படிகள் மூலத்தைவிடச் சிறியவை, விரல் ரேகையும் மழுங்கியிருக்கும்.

இப்போது ஜெலட்டினுக்குப் பதில் சிலிக்கோன் ரப்பர். அச்சுக்குள் 4, 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு பூசி, நடுவில் பிளாஸ்டரும் செங்கல் தூளும் கரைத்து ஊற்றுகிறோம். அதுதான் நடுக்கட்டி, சிலை உள்ளே கூடாக வருவதற்கு. நடுக்கட்டி அசையாமலிருக்க மெழுகுச் சுவரைத் துளைத்து ஆணி அடிப்பதுதான் முக்கியம். ஆணி குறைந்தால் மெழுகு உருகி ஓடியதும் நடுக்கட்டி சாய்ந்துவிடும். ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் தடிப்பு. தடித்த இடம் கடைசியில் ஆறுவதால் அங்கே குழி விழும். நடுக்கட்டியில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் கொதித்துத் துப்பும், ஆளுக்கே ஆபத்து. நம் ஊரில் உள்ளே கூடில்லாமல் கட்டியாக வார்ப்பதால் நடுக்கட்டித் தொல்லை உங்களுக்கு இல்லை.

ஒரு உதவி வேண்டும். ஜூலை வெயிலில் இங்கே மெழுகு தொய்ந்துபோகிறது. சுவாமிமலையில் சித்திரை வைகாசியில் தேன்மெழுகுக்குக் குங்கிலியம் எவ்வளவு கூட்டுகிறீர்கள், கடலை எண்ணெய் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமரன்